பருத்திப் பணத்தில் எழுந்த மெம்பிஸ் பீபாடி ஹோட்டல்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது மெம்பிஸ். அந்த ஊருக்குப் போய்வந்தவர்களிடம் பீபாடி ஹோட்டலைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது வாத்துக் கதைதான். காலை 11 மணிக்கு மொட்டைமாடியிலிருந்து லிஃப்டில் ஐந்து வாத்துகள் இறங்கும், சிவப்புக் கம்பளத்தில் வரிசையாக நடந்து லாபியின் நடுவில் உள்ள நீரூற்றில் குதிக்கும், மாலை 5 மணிக்கு வந்த வழியே திரும்பும். கூட்டம் அதற்காகவே வருகிறது. ஆனால் அந்த லாபி யார் பணத்தில் எழுந்தது, அதில் யார் உட்காரலாம் யார் உட்காரக் கூடாது என்று இருந்தது, நடுவில் சில வருஷம் அது ஏன் பூட்டிக் கிடந்தது, இதெல்லாம் வாத்துக்குப் பின்னால் மறைந்துபோகிறது. இந்த ஹோட்டல் எழுந்ததும் விழுந்ததும் பருத்தியோடும் சாலையோடும் நிறவெறியோடும் சேர்ந்தே நடந்தது என்பது என் வாசிப்பு. வாத்து அதில் ஒரு பகுதிதான், ஆனால் முக்கியமான பகுதி, அதையும் பார்ப்போம்.

முதல் பீபாடி இப்போதுள்ள இடத்தில் இல்லை. மெயின் தெருவும் மன்றோ தெருவும் சந்திக்கும் முனையில் 1869-இல் திறந்தார்கள். கட்டியவர் ராபர்ட் கேம்ப்பெல் பிரிங்க்லி, ரயில்பாதை போட்டுப் பணக்காரரானவர். வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து நாலே வருஷம். மெம்பிஸை 1862-இலேயே வடக்குப் படை பிடித்துவிட்டதால் அட்லாண்டா மாதிரி எரிந்து சாம்பலாகவில்லை, கட்டடங்களும் படித்துறையும் தப்பின, வியாபாரம் சீக்கிரமே மறுபடி ஓட ஆரம்பித்தது. தப்பியது கட்டடங்கள் மட்டும்தான் என்றும் சொல்ல வேண்டும். 1866 மே மாதம் வெள்ளைக் கும்பல் மூன்று நாள் ஆடிய வெறியாட்டத்தில் 46 கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களுடைய தேவாலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. அப்படிப்பட்ட ஊரில்தான் மூன்று வருஷம் கழித்து அறைக்கு அறை குளியலறை வைத்த, 75 அறை கொண்ட சொகுசு ஹோட்டல் வருகிறது.

பெயருக்குக் காரணமான ஜார்ஜ் பீபாடி மாசசூசெட்ஸில் பிறந்து லண்டனில் வங்கி நடத்தியவர். அவருடைய கூட்டாளி ஜூனியஸ் மோர்கன், பின்னாளில் வால் தெருவையே ஆண்ட ஜே.பி. மோர்கனின் அப்பா. போருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் பள்ளிக்கூடம் நடத்த பீபாடி 1867-இல் பெரிய அறக்கட்டளை ஒன்றை வைத்தார். பிரிங்க்லியின் ரயில்பாதைக்கும் அவர் கைகொடுத்திருந்தார், அந்த நன்றிக்குத்தான் ஹோட்டலுக்கு அவர் பெயர். அப்புறம் பிரிங்க்லி அந்த ஹோட்டலைத் தன் மகள் ஆனிக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்துவிட்டார். போரில் தோற்ற தெற்கு மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், போருக்குப் பின் மெம்பிஸில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தலைவராக வேலை பார்த்தபோது தங்கியதும் இங்கேதான்.

1878-இல் மஞ்சள் காய்ச்சல் வந்தது. ஆற்றுப் படகுகளோடு வந்து சேர்ந்த அந்த நோயில் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், ஏறக்குறைய 25,000 பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். கடனில் மூழ்கிய மெம்பிஸ், அடுத்த வருஷம் நகராட்சி என்ற தகுதியையே இழந்தது. சாக்கடை கட்டி, 1887-இல் நிலத்தடியில் நல்ல ஊற்றுநீர் கண்டுபிடித்து, தகுதியைத் திரும்பப் பெற 1893 ஆகிவிட்டது. இவ்வளவு அடி வாங்கிய ஊர் எப்படி எழுந்தது என்றால் ஒரே பதில், பருத்தி.

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல் பீபாடி புரியாது. மெம்பிஸுக்குத் தெற்கே யாசூ ஆற்றுக்கும் மிசிசிப்பி ஆற்றுக்கும் நடுவில் ஒரு தட்டையான வண்டல் நிலம் இருக்கிறது. ஆறு கடலில் சேரும் இடமில்லை, அது இன்னும் எவ்வளவோ தெற்கே, ஆனாலும் டெல்டா என்றுதான் அங்கே சொல்வார்கள். காடு வெட்டி, கரை கட்டி, அந்த நிலம் முழுக்கப் பருத்தி போட்டார்கள். நிலம் சில வெள்ளைக் குடும்பங்களின் கையில். உழைத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள், அடிமைமுறை போன பிறகு வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிரிட்டவர்கள். விதை, மாவு, துணி எல்லாம் பண்ணைக் கடையில் கடனாக வாங்க வேண்டும், அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்ப்பார் பண்ணைக்காரர், அந்தக் கணக்கில் பலருக்கு மிஞ்சியது அடுத்த வருஷத்துக் கடன்தான்.

அந்தப் பருத்தி மூட்டைகள் வந்து சேர்ந்த இடம் மெம்பிஸின் ஃப்ரன்ட் தெரு. ஆற்றைப் பார்த்த அந்தத் தெரு முழுக்கப் பருத்தி மண்டிகள். மேல்மாடியில் வடக்கு வெளிச்சம் விழும்படி கூரைக் கண்ணாடி வைத்திருப்பார்கள், வெயில் நேராக விழுந்தால் நிறத்தைக் கணிக்க முடியாது என்பதற்காக. தரம் பார்ப்பவர் ஒரு மூட்டையிலிருந்து கைப்பிடி பஞ்சை எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து, பிரித்து, மறுபடி சேர்த்து இழுத்து, இழையின் நீளத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல்லில் ஒரு வருஷ உழைப்பின் விலை முடிவாகிவிடும், உழைத்தவர் அங்கே இருக்கமாட்டார். பண்ணைக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்ததும், சரக்கை விற்றுத் தந்ததும், கமிஷன் எடுத்ததும் இந்த மண்டிக்காரர்கள்தான். உலகின் மிகப் பெரிய ரொக்கப் பருத்திச் சந்தை என்று மெம்பிஸ் தன்னைச் சொல்லிக்கொண்டது.

அறுவடை முடிந்து கையில் காசோடு பண்ணைக்காரர் ரயிலேறி மெம்பிஸ் வருவார். கடனை அடைக்கவோ நீட்டவோ, மகளுக்குத் துணி எடுக்கவோ, டாக்டரைப் பார்க்கவோ, நாலு பேரைச் சந்திக்கவோ, எதற்கு வந்தாலும் தங்க ஒரு இடம் வேண்டும். அந்த இடம் பீபாடி. மிசிசிப்பி டெல்டா பீபாடியின் லாபியில்தான் ஆரம்பிக்கிறது என்று தெற்கில் ஒரு பேச்சே உண்டு. வரைபடத்தில் பார்த்தால் தவறு, டெல்டா மிசிசிப்பி மாநிலத்தில், பீபாடி இருப்பது டென்னசியில். பணம் போன வழியைப் பார்த்தால் முழுக்கச் சரி.

பழைய கட்டடத்தை 1923-இல் மூடினார்கள். யூனியன் அவென்யூவில் புதிய பீபாடி 1925 செப்டம்பர் 1 அன்று திறந்தது. வடிவமைத்தவர் சிகாகோவின் வால்டர் ஆல்ஷ்லேகர், பின்னாளில் நியூயார்க்கின் ராக்ஸி தியேட்டரையும் சின்சினாட்டியின் கேரூ கோபுரத்தையும் கட்டியவர். 625 அறைகள், செலவு 50 லட்சம் டாலருக்கு மேல். வெளியே பார்த்தால் செங்கல் நிறத்தில் கனமான ஒரு பெரிய பெட்டி, பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். வித்தை முழுக்க உள்ளே. இரண்டு மாடி உயர லாபி, சுற்றிலும் மேல்தளத்து நடைபாதை, அங்கிருந்து கீழே யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்கலாம். உத்தரங்களில் வண்ண ஓவியம். நடுவில் இத்தாலிய டிராவர்டைன் கல்லில், ஒரே பாறையில் செதுக்கிய நீரூற்று. பணக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே கட்டிய இடம், அதைச் சரியாகவே கட்டியிருக்கிறார்கள். அதே யூனியன் அவென்யூவில் 65-ஆம் எண்ணில் பருத்திச் சந்தைக் கட்டடமும் அதே காலத்தில்தான் எழுந்தது. 149-இல் இருக்கும் பீபாடியிலிருந்து நடந்தே போய்விடலாம். காலையில் அங்கே பேரம், மாலையில் இங்கே விருந்து.

இந்த லாபியில் கறுப்பின மக்கள் இருந்தார்கள். பெட்டி தூக்கினார்கள், தட்டு ஏந்தினார்கள், ஷூ துடைத்தார்கள், படுக்கை விரித்தார்கள். விருந்தினராக அறை எடுக்க முடியாது, மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. தெற்கின் பெரிய ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம், சட்டமே அப்படி, 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரைக்கும். 1930-களின் கடைசியில் மொட்டைமாடியில் திறந்தவெளி நடன மேடை போட்டபோது அதற்கு வைத்த பெயர் ‘பிளான்டேஷன் ரூஃப்’, அதாவது பண்ணைக் கூரை. பண்ணை வாழ்க்கையை ஒரு அழகான அலங்காரமாக மாற்றிவிட்டு அதற்கடியில் நடனம் ஆடினார்கள். இதை அந்தக் காலத்துப் பழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மேடையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பரிசாரகரின் அப்பாவோ தாத்தாவோ அப்படி ஒரு பண்ணையில் முதுகு ஒடிந்திருக்கக் கூடும், பெயர்ப்பலகையை அவர் தினமும் பார்த்திருப்பார்.

இசை விஷயத்திலும் இதே கோடு ஓடுகிறது. 1929-இல் சிகாகோவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்த இசைத்தட்டுக் கம்பெனிகள் தெற்கு ஊர்களில் ஹோட்டல் அறை பிடித்து, தற்காலிக ஸ்டூடியோ அமைத்து, உள்ளூர்ப் பாடகர்களைப் பதிவு செய்துகொண்டிருந்தன. வொக்காலியன் கம்பெனி மெம்பிஸில் இறங்கிய இடம் பீபாடி. அங்கே வந்து பாடியவர்களில் ஒருவர் கார்ஃபீல்ட் ஏக்கர்ஸ், பக்கத்து மிசிசிப்பி மாநிலத்தில் ஹெர்னான்டோ பக்கம் வாரத்துக்குப் பயிரிட்டவர். அவர் பாடியது பருத்திக் காட்டைப் பற்றிய ஒரு ப்ளூஸ் பாட்டு, இசைத்தட்டின் இரண்டு பக்கமும் நிறைகிற நீளம். கிட்டாரில் ஒரே தாளக்கட்டை விடாமல் அடித்துக்கொண்டே போவார், மேலே குரல் நீண்டு இழுபடும். இன்றைக்கும் ப்ளூஸ் ரசிகர்கள் தேடிக் கேட்கிற பதிவு அது. பருத்திப் பணத்தில் கட்டிய ஹோட்டலில், பருத்தி எடுத்தவரே வந்து பாடிப் பதிவான பாட்டு. அவருடைய மொத்தப் பதிவுகளே நாலு பக்கங்கள்தான், பாட வந்த வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அதே காலத்தில் டபிள்யூ.ஆர்.ஈ.சி. வானொலி நிலையம் ஹோட்டலின் அடித்தளத்தில் குடியேறியது. மாடியில் ஸ்கைவே என்ற நடன அரங்கில் பெரிய வாத்தியக் குழுக்கள் வாசிக்க, அதை சி.பி.எஸ். வானொலி வலையமைப்பு வழியாக நாடு முழுக்க ஒலிபரப்பினார்கள். 1945-இல் அந்த நிலையத்தில் ஒலிப்பதிவு வேலைக்குச் சேர்ந்தவர் சாம் ஃபிலிப்ஸ் என்ற இளைஞர். ராத்திரியில் ஸ்கைவேயில் மைக் சரிபார்ப்பது, பகலில் இசைத்தட்டு வெட்டுவது என்று இருந்தவருக்கு, பக்கத்திலேயே கறுப்பின மக்களின் பீல் தெருவில் கேட்கிற இசை ஏன் இந்த மைக்குக்கு வருவதில்லை என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். 1950 ஜனவரியில் அதே யூனியன் அவென்யூவில் 706-ஆம் எண்ணில் தனியாக ஒரு சின்ன ஸ்டூடியோ திறந்தார், கறுப்பினக் கலைஞர்களைப் பதிவு செய்யத்தான் முதலில். அதுதான் பின்னால் சன் ஸ்டூடியோ. ப்ளூஸ் பாடகர் ஹவுலின் உல்ஃப் பாடியது அங்கே, எல்விஸ் பிரெஸ்லி வந்து நின்றதும் அங்கே. எல்விஸும் பீபாடிக்கு வந்திருக்கிறார், 1953-இல் ஹியூம்ஸ் உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருஷ விருந்துக்கு, ஏழைக் குடும்பத்துப் பையனாக.

சரி, வாத்துக்கு வருவோம். 1933-இல் ஹோட்டல் மேனேஜர் ஃபிராங்க் ஷட் தன் நண்பர் சிப் பார்விக்கோடு பக்கத்து ஆர்கன்சா மாநிலத்தில் வேட்டைக்குப் போய்விட்டு வந்தார். அப்போதெல்லாம் காட்டு வாத்துகளைக் கவர்ந்திழுக்க உயிருள்ள பழக்கிய வாத்துகளைக் கொண்டுபோவார்கள். வரும்போது இரண்டு பேரும் குடித்திருந்தார்கள், விளையாட்டாக அந்தப் பழக்கு வாத்துகளை லாபி நீரூற்றில் விட்டுவிட்டார்கள், விருந்தினர்களுக்குப் பிடித்துப்போயிற்று, அப்படியே நிலைத்துவிட்டது. ஹோட்டல் இன்றும் இப்படித்தான் சொல்கிறது. இதில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, டென்னசியில் மாநில மதுவிலக்கு 1909-இலிருந்து 1939 வரை இருந்தது, நாட்டு அளவிலான மதுவிலக்கு நீங்கிய பிறகும்கூட, ஆனால் மெம்பிஸை ஆட்டிவைத்த அரசியல் தலைவர் எட்வர்ட் கிரம்பின் ஊரில் அந்தச் சட்டத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இன்னொன்று, உயிருள்ள வாத்துகளை வைத்து வேட்டையாடுவதை மத்திய அரசு 1935-இல் தடை செய்துவிட்டது. இரண்டு வருஷம் தள்ளி நடந்திருந்தால் அந்த வாத்துகள் கையில் இருந்திருக்கவே இருக்காது.

ஆனால் வாத்துகளை நீரூற்றில் விட்டது ஒரு ராத்திரி விளையாட்டு, அதை ஊர்வலமாக்கியது வேறு ஒருவர். எட்வர்ட் பெம்ப்ரோக், ஹோட்டலில் பெட்டி தூக்கிய கறுப்பின ஊழியர், அதற்கு முன் சர்க்கஸில் மிருகங்களைப் பழக்கியவர். 1940-இல் வாத்துகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார், அவற்றுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தார், டக்மாஸ்டர் என்ற பதவிப் பெயரும் வந்தது. 1991 வரை அவர்தான். ஹோட்டலுக்குள் எத்தனையோ மேனேஜர்கள் வந்து போனார்கள், முதலாளிகள் மாறினார்கள், எல்லோரும் மறந்துபோனார்கள், பெம்ப்ரோக் செய்தது மட்டும் இன்றுவரை தினம் இரண்டு முறை நடக்கிறது. அந்த ஊர்வலத்துக்கு வாசிக்கும் இசை ஜான் ஃபிலிப் சூசாவின் ‘கிங் காட்டன்’, 1895-இல் அட்லாண்டாவில் நடந்த பருத்தி மாநிலங்களின் கண்காட்சிக்காக எழுதியது. வாத்துக் கதைக்குள்ளேயே பருத்தி இருக்கிறது, காது கொடுத்தால் கேட்கும். இப்போது ஒரு ஆண் வாத்து, நாலு பெட்டை வாத்துகள், சுமார் மூன்று மாதம் வேலை, பிறகு வேறு குழு வரும். ஹோட்டலின் உணவகங்களில் வாத்துக்கறி கிடையாது.

இவ்வளவு செழிப்பாக இருந்த ஹோட்டல் ஏன் விழுந்தது? மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968-ஐக் காட்டிவிட்டுப் பலரும் முடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பே அஸ்திவாரம் ஆட ஆரம்பித்துவிட்டது என்பதுதான் உண்மை. 1944-இல் டெல்டாவில் கிளார்க்ஸ்டேல் பக்கம் ஹாப்சன் பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரத்தை எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினார்கள். அதற்கப்புறம் பண்ணைக்கு ஆள் தேவைப்படவில்லை, லட்சக்கணக்கான குடும்பங்கள் சிகாகோ, டெட்ராய்ட் என்று வடக்கே போனார்கள். பண்ணைகள் பெருத்து எண்ணிக்கையில் குறைந்தன, செயற்கை இழை வந்தது, ஃப்ரன்ட் தெரு மண்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின. ரயிலில் வந்து இரண்டு நாள் தங்குகிற பண்ணைக்காரர் காரில் வந்து சாயங்காலமே திரும்ப ஆரம்பித்தார்.

அடுத்த அடி மெம்பிஸ்காரர் ஒருவரே கொடுத்தது. வீடு கட்டி விற்கும் கெமன்ஸ் வில்சன் 1951-இல் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டன் போனார். வழியில் தங்கிய விடுதிகள் ஒரே அறையில் படுக்கும் குழந்தைகளுக்கும் தலைக்கு 2 டாலர் கூடுதலாகக் கேட்டதில் கொதித்துப்போய், திரும்பி வந்ததும் தானே ஒன்று கட்டுவேன் என்றார், கட்டியும் விட்டார். 1952-இல் நாஷ்வில் போகும் நெடுஞ்சாலையில், சம்மர் அவென்யூவில், முதல் ஹாலிடே இன். காரை அறை வாசலிலேயே நிறுத்தலாம், குழந்தைகளுக்குக் காசு இல்லை, நீச்சல்குளம் உண்டு, ஏசி உண்டு. 1968-க்குள் ஆயிரம் ஹாலிடே இன்கள் வந்துவிட்டன. 1956-இன் நெடுஞ்சாலைச் சட்டம் நாடு முழுக்க அகலச் சாலை போட்டுக் கொடுத்தது வேறு. நகர நடுவில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, சீருடைக்காரருக்கு டிப்ஸ் கொடுத்து, பெரிய லாபி வழியாகக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு போக ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு என்ன அவசியம்? பீபாடி மட்டுமில்லை, அமெரிக்கா முழுவதும் நகர மையத்து ஹோட்டல்கள் இப்படித்தான் சரிந்தன. அந்தச் சரிவுக்குக் காரணமான புது மாதிரி விடுதி பீபாடியிலிருந்து கார் தூரத்தில் பிறந்தது. 1953-இல் பீபாடியை ஒரு ஹோட்டல் கம்பெனிக்கு விற்றார்கள், 1965-இல் அது ஏலத்துக்கு வந்தது, ஷெரட்டன் என்ற ஹோட்டல் கம்பெனி எடுத்து அதன் பெயரோடு தன் பெயரையும் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் 1968. பிப்ரவரி 1 அன்று குப்பை லாரியின் நசுக்கும் பொறியில் சிக்கி எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் செத்தார்கள். மழைக்கு ஒதுங்க லாரியைத் தவிர வேறு இடமில்லாததால் உள்ளே ஏறியவர்கள். 12-ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ‘நானும் ஒரு மனிதன்’ என்ற அட்டைகளோடு மெம்பிஸ் தெருக்களில் நடந்தவர்கள் அவர்கள்தான். ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று லோரெய்ன் மோட்டலின் பால்கனியில் சுடப்பட்டார்.

லோரெய்ன் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். பீபாடியிலிருந்து ஒரு மைல்கூட இல்லை. வால்டர் பெய்லி, லோரீ பெய்லி தம்பதி 1945-இல் வாங்கி, கறுப்பினப் பயணிகளுக்காக நடத்தியது. பீபாடியில் இடமில்லாத கறுப்பின இசைக்கலைஞர்கள் கவுண்ட் பேஸி, ரே சார்ல்ஸ் எல்லாரும் தங்கியது இங்கே. 1960-களில் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் கறுப்பின, வெள்ளை இசைக்கலைஞர்கள் சேர்ந்து உட்கார்ந்து பாட்டெழுதியதும் இங்கே. கிங் சுடப்பட்ட அன்றே லோரீ பெய்லிக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது, கிங்கின் இறுதிச்சடங்கு நடந்த ஏப்ரல் 9 அன்று அவரும் இறந்தார். மெம்பிஸின் ஹோட்டல் சரித்திரம் என்று எழுதினால் அதில் லோரெய்னுக்கும் பீபாடிக்கும் சம பக்கம் ஒதுக்க வேண்டும் என்பேன். ஒரே நகரம், ஒரே சட்டம், ஒருவரை உள்ளே விடாததால்தான் இன்னொன்று பிறந்தது.

கொலைக்குப் பிறகு வெள்ளைக் குடும்பங்களும் கடைகளும் கிழக்கே புறநகருக்கு ஓடியது இன்னும் வேகமானது. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் பீல் தெருவைச் சுற்றியிருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1976-இல் மெயின் தெருவை வண்டி ஓடாத நடைத்தெருவாக மாற்றிப் பார்த்தார்கள், நடக்க ஆள் இல்லை. ஷெரட்டன் 1973 கடைசியில் பீபாடியைக் கைவிட்டது, அதற்கப்புறம் வாங்கியவர்கள் கொஞ்ச நாள் நடத்தித் திவாலானார்கள். 1975-இல் 625 அறைக் கட்டடம், கல் நீரூற்று, ஓவிய உத்தரம் எல்லாம் சேர்த்து ஜாக் பெல்ஸின் கைக்கு வந்தபோது விலை 4 லட்சம் டாலர். கட்ட ஆன செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பெல்ஸ் குடும்பம் ஜாக்கின் அப்பா ஃபிலிப் காலத்திலிருந்து மெம்பிஸில் கிடங்கும் கட்டடமும் கட்டி வளர்ந்த யூதக் குடும்பம். இடித்துவிட்டு நிலத்தை வைத்துக்கொள்வதுதான் அந்தக் காலத்தில் லாபமான வழி, பல ஊர்களில் அதைத்தான் செய்தார்கள். இவர்கள் 1977-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறிய அந்தக் கட்டடத்தை, சுமார் இரண்டரைக் கோடி டாலர் போட்டுச் சீர்செய்து 1981-இல் திறந்தார்கள். அன்றைக்கு அது துணிச்சல்தான். சுற்றிலும் பூட்டிய கடைகள், பீல் தெரு இன்னும் காலி மனை. பெல்ஸ் அங்கே வைத்த பந்தயம் ஹோட்டல் மீது மட்டும் இல்லை, சுற்றியிருந்த தெருக்கள் மீதும்தான் என்று நினைக்கிறேன். வாத்துகளையும் கொண்டுவந்தார், பெம்ப்ரோக் மறுபடி கம்பளத்தில் நடந்தார். எல்விஸுக்குத் துணி தைத்துக் கொடுத்துப் பேர்வாங்கிய லான்ஸ்கி கடை பீல் தெருவிலிருந்து இந்த லாபிக்குள் குடிவந்தது. 1983-இல் பீல் தெரு மறுபடி திறந்தது. ஏலத்துக்கு வந்த லோரெய்னை ஊர்க்காரர்கள் பணம் திரட்டி மீட்டு, 1991-இல் தேசிய குடிமை உரிமைகள் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2000-இல் பீபாடிக்கு எதிரிலேயே பேஸ்பால் மைதானம், 2004-இல் கூடைப்பந்து அரங்கம்.

எல்லாம் பலித்துவிடவில்லை. பெல்ஸ் பக்கத்திலேயே 2001-இல் திறந்த பீபாடி பிளேஸ் என்ற பெரிய வணிக வளாகம் ஓடவில்லை, கடைகள் காலியாகி, கடைசியில் ஒரு கம்பெனியின் அலுவலகமாக மாறியது. வேறு ஊர்களிலும் முயன்றார்கள். 1986-இல் ஆர்லாண்டோவில் ஒரு பீபாடி, 2002-இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் ஒன்று, இரண்டிலும் அதே சிவப்புக் கம்பளம், அதே வாத்து ஊர்வலம். 2013-இல் இரண்டையும் விற்றார்கள், ஒன்று ஹயாட் ஆயிற்று, இன்னொன்று மாரியட். வாத்துதான் பீபாடியைக் காப்பாற்றியது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். வாத்தை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம், ஃப்ரன்ட் தெருவையும் பீல் தெருவையும் கொண்டுபோக முடியாது. மெம்பிஸ் பீபாடி 464 அறைகளோடு இன்றும் நடக்கிறது, அந்தக் கட்டடத்தை மட்டும் பெல்ஸ் குடும்பம் விற்கவில்லை.